வயலை ஈடு வைக்க முதல் ஒருக்கா சலப்பைக்குள்ள பாக்கச் சொல்லுங்கோ

கேள்வி: டொக்டர், எனக்கு 41 வயசு, விசுவமடுப் பக்கம் இருக்கிறம். நாலு வருசமா அடிவயித்தில நோ. சலம் சேரச் சேர நோ கூடும், போயிட்டு வந்தா கொஞ்சம் சுகம், அரை மணித்தியாலத்தில திரும்பவும் தொடங்கும். இரவில ஆறு ஏழு தரம் எழும்பிறன். கீழ எரிவு, கதிரையில இருந்தா ஊசி குத்தின மாதிரி. சலக்கிருமி எண்டு அன்ரிபயோட்டிக் எத்தினை தரம் எடுத்தனெண்டு கணக்கில்லை. 2009ல இடுப்பில பட்ட ஷெல் பீஸ் ஒண்டு இன்னும் உள்ள கிடக்கு. கனடாவில இருக்கிற தம்பி இந்தியாவில ஒரு தனியார் கிளினிக்கின்ர விபரம் அனுப்பினவன், ஸ்டெம் செல் ஊசி மூண்டு தரம் போட்டா சலப்பையும் நரம்பும் புதுசாகுமாம், ஆறு லட்சம் இந்தியக் காசு. பாதி தான் தாறன் எண்டுறான். மிச்சத்துக்கு வயலை ஈடு வைப்பமோ எண்டு இவர் கேக்கிறார். போகலாமோ? (பெயர் வேண்டாம்)

பதில்:

தங்கச்சி, முதல்லயே சொல்லிப்போடுறன், போக வேண்டாம், வயலை ஈடு வைக்க வேண்டாம். உங்கட நோ பொய்யெண்டோ சின்ன நோ எண்டோ நினைச்சு நான் இதைச் சொல்லேல்லை. ஒரு இரவில ஏழு தரம் எழும்பிற ஆளுக்கு நித்திரை எண்டு ஒண்டு இல்லை, நித்திரை இல்லாத உடம்போட நாலு வருசம் சமைச்சு, பிள்ளையளைப் பாத்து, வயலுக்கும் போய் வந்திருக்கிறியள், அது எவ்வளவு பெரிய பாரமெண்டு எனக்கு விளங்குது. ஆனா உங்கட கடிதத்தை மூண்டு தரம் வாசிச்சும் ஒரு விசயத்தைக் காணேல்லை. இந்த நாலு வருசத்தில ஒருத்தரும் உங்கட சலப்பைக்குள்ள கமெராக் குழாய் விட்டுப் பாக்கேல்லை. அந்தக் கிளினிக்கும் அதைக் கேக்கேல்லை. என்ன வருத்தமெண்டு பேர் வைக்க முதலே விலை சொல்லியிருக்கினம். எனக்கு முதல் பயம் அதில தான்.

நீங்கள் எழுதியிருக்கிற மாதிரி, சலம் சேரேக்க நோ கூடி, போனா குறைஞ்சு, ஆறு கிழமைக்கு மேல நெடுக இருந்து, கிருமியும் இல்லையெண்டா, அதுக்கு இன்ரர்ஸ்ரீசியல் சிஸ்ரைற்றிஸ் எண்டு பேர், சலப்பை நோ எண்டே நாங்கள் கதைப்பம். சலப்பையின்ர உள்பக்கம் மெல்லிய பூச்சு ஒண்டு இருக்கு, கிணத்தடித் தொட்டிக்கு உள்ளுக்குச் சீமெந்து பூசிற மாதிரி எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. கன பேருக்கு அந்தப் பூச்சு பழுதாகிப் போகுது எண்டு தான் கருதுகினம், சலத்தில இருக்கிற உப்புகள் உள்ள ஊறி அங்க இருக்கிற நரம்பு நுனிகளைச் சீண்ட, நரம்பு திருப்பிச் சில பொருட்களை விட, அது அலர்ஜிக் கலங்களைக் கிளப்ப, வீக்கம் வர, வீக்கம் திரும்ப நரம்பைச் சீண்ட, இப்பிடியே சுத்திக்கொண்டிருக்கும். கன நாள் போனா முள்ளந்தண்டும் மூளையும் அந்த நோவைப் பழகிப்போடும், அதுக்குப் பிறகு சலப்பையில அரைக் கோப்பை சலம் நிண்டாலே நிறைஞ்சு வெடிக்கப் போறமாதிரி உள்ளுக்க சொல்லும். நரம்புக்கும் இதில பங்கிருக்கெண்டது பிழையில்லை, ஆனா நரம்பை மட்டும் புதுசாக்கினா முடியிற வருத்தம் இல்லை இது.

இதுக்குள்ள ஒரு பிரிவினருக்கு சலப்பைச் சுவரில புண் மாதிரி சிவந்த இடங்கள் இருக்கும், அமெரிக்காவில கை ஹன்னர் எண்ட டொக்டர் 1915ல விபரிச்சவர், அவற்ர பேரையே வைச்சு ஹன்னர் புண் எண்டு சொல்லுறம். இது ஸ்கானில தெரியாது, சல ரெஸ்ற்றில தெரியாது, கமெரா விட்டாத் தான் தெரியும். இருந்தா மயக்கி வைச்சு அந்த இடத்தைச் சுட்டுவிடலாம், இல்லாட்டி அதுக்குள்ளயே ஸ்ரீரொயிட் ஊசி போடலாம், கன பேருக்கு மாசக்கணக்கில நல்ல சுகம் கிடைக்கும், சிலருக்குத் திரும்ப வந்தா திரும்பச் செய்யலாம். இவ்வளவும் எங்கட அரசாங்க ஆஸ்பத்திரியில காசில்லாமல் நடக்கக்கூடிய வேலை. ஆறு லட்சத்தைப் பற்றி யோசிக்க முதல் இதுக்கு விடை தெரிய வேணும் தானே.

என்ர கிளினிக்குக்கு ஒரு அக்கா வந்தவ, பரந்தனில இருந்து. கதிரையைக் காட்டினன், இருக்கேல்லை, மேசை மூலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டபடியே கதைச்சா, இருந்தா குத்துமாம். ஏ9 வீதியில எந்தக் கடைக்குப் பின்னால கக்கூஸ் இருக்கு, எது பூட்டியிருக்கும், எந்தக் கடைக்காரர் சாமான் வாங்காட்டியும் திறப்புத் தருவார் எண்டு ஒவ்வொண்டாச் சொன்னா, அவவின்ர உலகமே அவ்வளவுக்குச் சுருங்கிப்போட்டுது. அவவுக்கு நான் முதல்ல குளிசை எழுதேல்லை, ஒரு கொப்பி வாங்கச் சொன்னன். சோடாப் போத்தல் ஒண்டின்ர கழுத்தை வெட்டி, 50 மில்லி 100 மில்லி எண்டு மாக்கரால கோடு போட்டு, மூண்டு நாள், ஒவ்வொரு தரமும் எத்தினை மணிக்கு எவ்வளவு போச்சு, அப்ப நோ பத்துக்கு எத்தினை, அதுக்கு முதல் என்ன சாப்பிட்டது, இவ்வளவும் எழுதச் சொன்னன். ஒரு சாதாரண சலப்பை 300, 400 மில்லியைத் தாங்கும், அவவின்ர கொப்பியில 60, 70, 50, 80 எண்டு இருந்தது. ஒரு நாளைக்கு 23 தரம். அந்த ரெண்டு பக்கத்தை வாசிச்ச பிறகு அவவுக்கு சீனி வருத்தமா, தண்ணி கூடக் குடிக்கிறதா எண்ட கேள்வி பெரிசா மிஞ்சேல்லை, அந்த வருத்தங்களில கனக்கச் சலம் போகும், இங்க போறது சொட்டுச் சொட்டு. நீங்களும் நாளைக்கே தொடங்குங்கோ. நாலு வருசக் கதையைச் சொல்ல கிளினிக்கில அஞ்சு நிமிசம் தான் கிடைக்கும், கொப்பி அதைச் சொல்லும்.

அன்ரிபயோட்டிக் பற்றி. கடையில வாங்கினதோ தனியார் டொக்டர் தந்ததோ, கல்ச்சர், அதாவது சலத்தில கிருமி வளருதோ எண்டு பாக்கிற ரெஸ்ற், செய்யாமல் இனி ஒண்டும் எடுக்க வேண்டாம். யூரின் கல்ச்சரில கிருமி வளரேல்லை எண்டா அந்த மருந்துக்கு அங்க வேலை இல்லை, வயித்தைக் கெடுக்கும், பிறகு உண்மையா கிருமி வரேக்க மருந்து கேக்காமல் போயிடும். இன்னொண்டும் டொக்டருக்கு ஞாபகப்படுத்துங்கோ, சலத்தில சீழ்க் கலங்கள் நெடுக இருந்து கல்ச்சரில ஒண்டும் வளராட்டி சலப்பைக் கசம் (ரீபி) இருக்கோ எண்டு பாக்க வேணும், சாதாரண கல்ச்சரில கசக் கிருமி வராது, அதுக்கு வேற ரெஸ்ற். கல், கட்டி, கர்ப்பப்பைக்கு வெளியில வளருற சதை, இதுகளும் இதே மாதிரி நோவைத் தரும், கமெராவும் ஸ்கானும் அதுக்கும் தான்.

இப்ப அந்த ஊசி குத்தின மாதிரி நோ. இருந்தா கூடி, எழும்பி நிண்டா குறைஞ்சு, கக்கூஸ் கொமட்டில இருக்கேக்க மட்டும் பெரிசா இல்லாமல் இருக்கோ எண்டு கவனியுங்கோ. கொமட்டில நடுவில தாங்கிறதுக்கு ஒண்டும் இல்லை, அதால அந்த இடத்து நரம்பு நெரிபடாது. இடுப்பெலும்புக்கு உள்ளால வந்து பெண்ணுறுப்புக்கும் மலவாசலுக்கும் போற புடெண்டல் எண்ட நரம்பு இருக்கு, அது சிக்குப்பட்டா இப்பிடித் தான் இருக்கும். அந்த நோவுக்கு நித்திரையால எழும்பிறது குறைவு. உங்களுக்கு ரெண்டும் சேந்து இருக்கலாம், சலப்பை எழுப்புது, நரம்பு இருக்க விடுகுதில்லை. நரம்புக்குப் பக்கத்தில விறைக்கப்பண்ணிற ஊசி ஒண்டு போட்டுப் பாத்து, நோ அந்த நேரம் நிண்டா இது தான் எண்டு பிடிக்கலாம்.

பீஸ் இருக்கெண்டு எழுதினியளே, இதைக் கட்டாயம் கவனியுங்கோ. எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னா, அந்த அறைக்குள்ள போக முதலே, கேட்டாலும் கேக்காட்டியும், உடம்பில பீஸ் கிடக்கெண்டு சொல்லுங்கோ. அது பெரிய காந்தம், இரும்புத் துண்டு அசையும், சூடாகும், முள்ளந்தண்டுக்கோ பெரிய ரத்தக்குழாய்க்கோ பக்கத்தில கிடந்தா ஆபத்து. முதல்ல சாதாரண எக்ஸ்ரே, தேவையெண்டா சிற்றி ஸ்கான், அதில எங்க கிடக்கு எண்டு பாத்துத் தான் முடிவெடுப்பினம். எங்கட வன்னியில இந்தக் கேள்வி எல்லாருக்கும் பொருந்தும், சின்னனில பட்டது, ஞாபகமே இல்லை எண்டு வாற பிள்ளையளிலயும் எக்ஸ்ரேயில வெள்ளையாத் தெரிஞ்சிருக்கு. பீஸ் கிடக்கிறபடியால தான் இந்த நோ எண்டும் முடிவெடுக்க வேண்டாம், அது நரம்புக்குப் பக்கத்திலயே இல்லாமலும் இருக்கலாம்.

சரி, ஸ்டெம் செல், வேற கலங்களா மாறக்கூடிய மூலக் கலங்கள். தம்பி உங்களில இருக்கிற அன்பில தான் தேடியிருக்கிறார், அதால விபரமாவே எழுதுறன், அவருக்கும் வாசிக்கக் குடுங்கோ. எலும்பு மச்சையில இருந்து எடுக்கிற ரத்த ஸ்டெம் செல் கன வருசமா ரத்தப் புற்றுநோய், தலசீமியா மாதிரி வருத்தங்களுக்கு உயிர் காக்கிற வைத்தியம், அதில சந்தேகமே இல்லை. இந்தக் கிளினிக்குகள் சொல்லுறது வேற சாமான், கொழுப்பில இருந்தோ தொப்புள்கொடியில இருந்தோ எடுக்கிற கலங்கள். எலிகளில சலப்பையை வேணுமெண்டு புண்ணாக்கிப்போட்டு இந்தக் கலங்களைக் குடுத்துப் பாத்திருக்கினம், வீக்கம் குறைஞ்சிருக்கு, சலம் அடிக்கடி போறது குறைஞ்சிருக்கு, உண்மை. ஆனா அது புது நரம்பாவோ புதுச் சலப்பையாவோ மாறினபடியால இல்லை, கலங்கள் கொஞ்ச நாள் இருந்து வீக்கத்தைத் தணிக்கிற பொருட்களை விடுறதால எண்டு தான் பெரும்பாலும் கருதுகினம். "புதுசாகும்" எண்டு உங்களுக்குச் சொன்னது ஆய்வு செய்யிற ஆக்கள் சொல்லாத சொல். நாளத்தில ஏத்தினா கூடப் பங்கு கலங்கள் முதல்ல நுரையீரலில போய்ச் சிக்கிக்கொள்ளும், சலப்பைக்கு எவ்வளவு வரும் எண்டும் அவையைக் கேளுங்கோ.

மனுசரில செய்தது சரியான கொஞ்சம். தென்கொரியாவில ஹன்னர் புண் இருந்த 3 பேருக்கு சலப்பைச் சுவருக்குள்ள ஊசி போட்டு ஒரு வருசம் பாத்து 2022ல எழுதினவை, ஆபத்தில்லாமல் குடுக்க ஏலுமோ எண்டு பாக்கிற முதல் கட்டம் அது, மூண்டு பேர் தான். அமெரிக்காவில கொழுப்புக் கலங்களை 109 சலப்பை நோக்காரருக்குக் குடுத்து 2019ல ஒரு அறிக்கை வந்தது, அரைவாசிக்கு மேற்பட்டவை சுகமெண்டு சொன்னவை, தம்பிக்கு அனுப்பின விளம்பரத்தில இதைக் காட்டியிருந்தா நான் ஆச்சரியப்பட மாட்டன். ஆனா அதில ஒப்பிட்டுப் பாக்க வெறும் ஊசி போட்ட ஆக்கள் ஒருத்தரும் இல்லை. அது ஏன் முக்கியமெண்டு இந்த வருத்தத்திலயே ஒரு உதாரணம் இருக்கு. அமிற்றிப்ரிலின் எண்ட குளிசையை இந்த நோவுக்கு ஒழுங்கா ஆய்வு செய்து 2010ல எழுதினவை, ஒரு பகுதிக்கு மருந்து, மற்றப் பகுதிக்கு மருந்தே இல்லாத வெறும் குளிசை, ரெண்டு பகுதிக்கும் சாப்பாடு, தண்ணி, சலம் அடக்கிப் பழகிற முறை எல்லாம் சொல்லிக் குடுத்தவை. வெறும் குளிசை எடுத்தவையிலயே 45 வீதம் பேர் நல்லாக் குறைஞ்சிட்டுது எண்டவை. இந்த நோ தானாக் கூடும், தானாக் குறையும், ஆக மோசமா இருக்கேக்க தான் ஆக்கள் வைத்தியம் தேடுவினம், அதுக்குப் பிறகு எது செய்தாலும் கொஞ்சம் குறையும். அந்தக் குறைவை ஊசியின்ர கணக்கில எழுதி விக்கிறது லேசு.

ஆபத்து இல்லையெண்டா பரவாயில்லை, காசு தானே எண்டு விடலாம். ஆபத்தும் இருக்கு. புளோரிடாவில கொழுப்புக் கலங்களைக் கண்ணுக்குள்ள போட்ட 3 பெண்களுக்குப் பார்வை போனது 2017ல பெரிய மருத்துவச் சஞ்சிகையில வந்தது. 2018ல தொப்புள்கொடி ரத்த ஊசி போட்ட 12 பேருக்கு கிருமி ஏறி ஆஸ்பத்திரியில கிடந்தவை. 2024 செப்டெம்பரில அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒண்டு, கொழுப்பில இருந்து கலங்களைப் பிரிச்சு ஏத்திறதும் மருந்துச் சட்டத்துக்குள்ள தான் வரும் எண்டு தீர்ப்புச் சொன்னது. இந்தியாவிலயும் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017லயே வழிகாட்டி போட்டது, ரத்த வருத்தம் மாதிரி ஏற்கெனவே ஒப்புக்கொண்ட சிலதைத் தவிர மற்ற எதுக்கும் ஸ்டெம் செல்லை வைத்தியமெண்டு குடுக்கக் கூடாது, பதிவு செய்த ஆய்வா மட்டும் தான் செய்யலாம் எண்டு. அப்ப அந்தக் கிளினிக்கைத் தம்பி ஒரே ஒரு கேள்வி கேக்கட்டும், இது பதிவு செய்த ஆய்வா, எண்டா இந்தியாவின்ர மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில நம்பர் என்ன எண்டு. உண்மையான ஆய்வில சேருற நோயாளியிட்ட ஆய்வு மருந்துக்கு ஆறு லட்சம் கேக்கிறேல்லை.

அப்ப நான் என்ன செய்யிறது எண்டு கேப்பியள். செய்ய இன்னும் கனக்கக் கிடக்கு, அது தான் நான் இவ்வளவு உறுதியாச் சொல்லுறதுக்குக் காரணம்.

சாப்பாட்டில தொடங்குங்கோ. மூண்டு கிழமைக்கு தேத்தண்ணி, கோப்பி, தேசிக்காய், தக்காளி, சோடா, கூடின உறைப்பு எல்லாத்தையும் நிப்பாட்டிப் பாருங்கோ, பிறகு ஒவ்வொண்டாத் திரும்பச் சேருங்கோ, எது குத்துதெண்டு கொப்பி காட்டும். எல்லாருக்கும் ஒரே சாமான் ஒத்துவராமல் போறேல்லை, சிலருக்கு தேத்தண்ணி ஒண்டு தான் எதிரி, அவை பாவம் வீணா தக்காளியை விட்டிட்டு இருப்பினம். தண்ணியைக் குறைக்க வேண்டாம். வயலுக்குப் போற பெண்கள் ஒதுங்க இடமில்லை எண்டு விடிய இருந்து தண்ணி குடிக்காமல் வெயிலுக்க நிக்கிறதை நான் நெடுகக் காணுறன், சலம் கட்டியாகி சலப்பையை இன்னும் சுடும். நெருஞ்சி முள்ளு அவிச்சுக் குடிக்கச் சொல்லி ஆக்கள் சொல்லுவினம், அது சலத்தைக் கூட்டுமெண்டு தான் குடிக்கிறது, நிறையிறதே நோவாக இருக்கிற சலப்பைக்கு ஒரேயடியா அதை நிரப்பிறது உதவாது.

அடுத்தது இடுப்படித் தசை. நோவுக்குப் பயந்து நாலு வருசமா அந்தத் தசையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டே இருந்திருப்பியள், உங்களுக்கே தெரியாது. பிசியோதெரபியில அதைத் தளர்த்தப் பழக்குவினம். பிள்ளை பெத்த ஆக்களுக்குச் சொல்லிக் குடுக்கிற இறுக்கிற பயிற்சி இருக்கெல்லோ, அது உங்களுக்கு வேண்டாம், நோவைக் கூட்டும். குந்தி இருந்து மூச்சை வயித்துக்க இழுத்து மெதுவா விடுறது, அடிவயித்தில சுடுதண்ணிப் போத்தலைச் சீலையில சுத்தி வைக்கிறது, இதுகள் வீட்டிலயே செய்யலாம். புருசனோட சேரேக்க நோகுதெண்டா அதையும் டொக்டரிட்டச் சொல்லுங்கோ, இந்த வருத்தத்தில கன பேருக்கு அது இருக்கு, சொல்லாமல் வீட்டுக்குள்ள வேற மனக்கசப்பா மாறிப்போகும். உங்கட இவர் வயலையே ஈடு வைக்க நிக்கிற மனுசன், விளங்கிக்கொள்ளுவார்.

குளிசையில அமிற்றிப்ரிலின், ஆக மலிவானது, எங்கட ஆஸ்பத்திரிகளில இருக்கிற மருந்து. 10 மில்லிகிராம் இரவில தொடங்கி டொக்டர் மெல்ல மெல்லக் கூட்டுவார், அந்த 2010 ஆய்வில 50க்கு வந்து தாங்கினவையில 66 வீதம் பேருக்குக் குறைஞ்சது. வாய் காயும், மலம் இறுகும், முதல் கிழமை விடிய தலை பாரமா இருக்கும். இருதய வருத்தம் இருந்தா முதல்லயே சொல்லுங்கோ. இதை எடுக்கத் தொடங்கின பிறகு மருந்துக் கடையிலயோ பக்கத்து வீட்டிலயோ யாராவது "இது மனவருத்தக் குளிசையெல்லோ, உனக்கு விசரே" எண்டு கேப்பினம், கேட்டிட்டு அண்டைக்கே நிப்பாட்டின ஆக்கள் எனக்குத் தெரியும். குறைஞ்ச அளவில அது நரம்பு நோவுக்கு வேலை செய்யுது, அதுக்குத் தான் தாறது, பலன் தெரிய கிழமைக்கணக்காகும். அதுவும் சரிவராட்டி சலப்பைக்குள்ள நேரா விடுற மருந்துகள், பொட்டொக்ஸ் ஊசி, நரம்புக்கு மின் துடிப்புக் குடுக்கிற முறை எண்டு படி படியா இருக்கு, எல்லாம் எல்லா இடத்திலயும் இல்லை, ஆனா ஸ்டெம் செல்லுக்கு முதல் எத்தினை படி கிடக்கெண்டு பாருங்கோ.

நோக்குளிசைகளை நெடுகப் போட வேண்டாம். டைக்குளோபினக், இபுபுறூபன் மாதிரியானதுகள் மாசக்கணக்கில சிறுநீரகத்தைப் பழுதாக்கும், வவுனியாப் பக்கமெல்லாம் காரணம் தெரியாத சிறுநீரக வருத்தத்தால ஆக்கள் டயலிசிஸுக்கு அலையிற ஊரில நாங்கள் இருக்கிறம். சிறுநீரகம் எப்பிடி வேலை செய்யுதெண்டு காட்டிற கிறியற்றினின் ரத்த ரெஸ்ற் ஒருக்கா செய்து பாருங்கோ, உங்கட கடிதத்தில அதுவும் இல்லை.

சலத்தில ரத்தம் கண்டா, காய்ச்சலோட விலா நோ வந்தா காத்திருக்க வேண்டாம். கீழ இருக்கிற இடம் விறைச்சுப்போனா, கால் இழுத்தா, சலம் முட்டியும் போகாட்டி, அண்டைக்கே, அது இரவெண்டாலும், ஆஸ்பத்திரி.

இனி வேலையைச் சொல்லுறன். மூண்டு நாள் கொப்பியை எழுதி முடியுங்கோ, பழைய றிப்போட் எல்லாத்தையும் திகதி வரிசையில அடுக்குங்கோ, கிளிநொச்சி பெரியாஸ்பத்திரி ஓபிடியில காட்டி, சலப்பைக்குக் கமெரா விட்டுப் பாக்க வேணும் எண்டு நீங்களே வாய் திறந்து கேட்டு, சலப்பை சிறுநீரக சத்திரசிகிச்சை நிபுணருக்கு, யாழ்ப்பாணமெண்டாலும் சரி, கடிதம் வாங்குங்கோ. தம்பி காசு அனுப்பத் தான் வேணுமெண்டு நிண்டா, அந்த நாளுக்கு ஒரு வாகனம் பிடிக்க அனுப்பச் சொல்லுங்கோ, பஸ்ஸில போக வேண்டாம். டிரைவரிட்ட முதலே சொல்லி வைச்சா நீங்கள் கேக்கிற இடத்தில எல்லாம் நிப்பாட்டுவார்.